கூரைமேல் எறிந்த பல்

குழந்தைகளின் பல்லுக்கு ஆபத்து நேர்ந்தால் உடனே செய்ய வேண்டியவையும், நேராமல் காக்கும் வழிகளும்

1979ஆம் ஆண்டு, பள்ளி விடுமுறைக் காலம். அப்போது நாங்கள் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தோம். என் தம்பிக்கு வயது ஒன்பது. அப்பாவின் பெரிய சைக்கிளை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, சட்டத்துக்குள் காலை விட்டு மிதித்தபடியே செம்மண் சடக்கில் இறங்கினான். வளைவில் சக்கரம் வழுக்கியது. குப்புற விழுந்தான். வாயெல்லாம் இரத்தம். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது.

வீட்டில் பாட்டி மட்டும்தான் இருந்தார். அவர் பதறவில்லை. பல்லை எடுத்துக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். "விழுந்த பல்லு முளைச்சிடும், அழாதேடா ராசா" என்று தேற்றினார். பிறகு அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து லயத்துத் தகரக் கூரைமேல் விட்டெறிந்தார். நம்மவர்களிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கம் அது. பாட்டியின் அன்பில் குறையேதும் இல்லை.

ஆனால் பல் முளைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து டிரஸரிடம் காட்டியபோது, "இது பால்பல் இல்லையே அம்மா! நிலைப்பல் ஆயிற்றே! இனி எங்கே முளைக்கப் போகிறது?" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

பள்ளிக்கூடப் படங்களில் என் தம்பி வாயை மூடிக்கொண்டு நிற்பான். கல்யாணப் படத்திலும் அப்படித்தான். பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாய்ந்தன. முதலில் தட்டு வைத்த பொய்ப்பல், பிறகு பக்கத்துப் பற்களைத் தேய்த்துக் கட்டிய பல் என்று நாற்பது ஆண்டுகளாகச் செலவும் சிரமமும் ஓயவில்லை. விழுந்த சில நிமிடங்களுக்குள் அந்தப் பல்லை அதே குழியில் திருப்பி வைத்திருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும் என்று பிற்பாடு ஒரு பல் மருத்துவர் சொன்னபோது, அம்மா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். குழந்தைக்குப் பல் போனால் சிரிப்பும் போய்விடுகிறது. அந்தச் சிரிப்பைக் காக்க ஒரு தாயோ தந்தையோ ஆசிரியரோ தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. தெரிந்ததைச் சமயத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பால்பல்லா, நிலைப்பல்லா?

முதலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவையே.

குழந்தைக்குப் பால்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். ஆறு வயதுவாக்கில் கீழ் முன்பற்கள் ஆடி விழுந்து நிலைப்பற்கள் வரும். மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டும் ஏழு, எட்டு வயதில் வரும். அதே ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப்பற்கள் நான்கு சத்தமில்லாமல் முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள். பல தாய்மார்கள் இவற்றையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் கவலைப்படாமல் விட்டுவிடுகிறார்கள்.

பால்பல் சிறியது, வெண்மையானது. நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள் சாயல் கொண்டது. புதிதாக முளைத்த நிலை முன்பல்லின் விளிம்பு ரம்பம்போல் மேடு பள்ளமாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் முன்பல் விழுந்தால் அது பால்பல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விழுந்தால் அது நிலைப்பல். ஆறு, ஏழு வயதில்தான் ஐயம் வரும்.

நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால்

பல் மருத்துவத்தில் நிமிடக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசரம் இதுதான். காரணத்தைக் கேளுங்கள்.

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. பல்லைத் தாடை எலும்போடு கட்டி வைப்பது அதுதான். பல் பிடுங்கிக்கொண்டு வரும்போது அந்தச் சவ்வின் ஒரு பகுதி வேரிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் உயிருள்ள நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கும்போதே பல் குழிக்குள் திரும்பினால் மறுபடியும் எலும்போடு பிணைந்துகொள்ளும். அவை காய்ந்து இறந்துவிட்டால், பல்லைத் திரும்ப வைத்தாலும் உடல் அதை நாளடைவில் அரித்துக் கரைத்துவிடும். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஆண்ட்ரியாசன் என்ற பல் மருத்துவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து இந்த விவரங்களையெல்லாம் தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர்.

கால் மணி நேரத்துக்குள் பல் குழிக்குத் திரும்பினால் நம்பிக்கை அதிகம். வெறும் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்து கிடந்தால் அந்த அணுக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே கீழே சொல்லும் முறையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1. பிள்ளையை உட்கார வைத்துத் தேற்றுங்கள். உடனே பல்லைத் தேடுங்கள். மண், புல், சட்டை மடிப்பு, எங்கும் பாருங்கள்.

2. பல்லின் வெள்ளைப் பகுதியை, அதாவது வாயில் வெளியே தெரியும் பகுதியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வேரைத் தொடாதீர்கள்.

3. அழுக்காக இருந்தால் பாலிலோ, உப்பு நீரான சேலைன் மருந்திலோ, பிள்ளையின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். இவை இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில வினாடிகள் காட்டி எடுத்தால் போதும். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், சோப்பும் டெட்டோலும் போடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள்.

4. முன்பக்கம் முன்னாலும் பின்பக்கம் பின்னாலும் இருக்குமாறு பார்த்து, பல்லை அதே குழிக்குள் மெதுவாக அழுத்தி வையுங்கள். கேட்கவே கை நடுங்கும். ஆனால் அடிபட்ட உடனே அந்த இடம் மரத்திருப்பதால் பலர் நினைக்கிற அளவுக்கு வலிக்காது. பிறகு சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. வைக்க முடியவில்லையா? பல்லை உடனே பாலில் போடுங்கள். குளிர்ந்த பசும்பால், பெட்டியில் வரும் சாதாரணப் பால், இரண்டும் ஏற்றவை. தேநீருக்கு ஊற்றும் கெட்டியான டின் பால் ஆகாது. மைலோவும் ஆகாது. பால் கிடைக்காவிட்டால் பிள்ளையை ஒரு சிறு கிண்ணத்தில் துப்பச் சொல்லி, அந்த எச்சிலில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஊற வைப்பது நல்லதல்ல, ஏனென்றால் வேரிலுள்ள அணுக்கள் தண்ணீரில் ஊதி வெடித்துவிடும். ஆனாலும் காயவிடுவதைவிட அது மேல்.

6. எப்படி வைத்தாலும், உடனே பல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, மெல்லிய கம்பியால் அந்தப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு ஏறக்குறைய இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முற்றிய பல்லாக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சையும் தொடங்குவார். மண்ணில் விழுந்த காயம் என்பதால் தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பார். பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இதயக் கோளாறு உள்ள பிள்ளையாகவோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையாகவோ இருந்தால் பல்லை நீங்களாகத் திரும்ப வைக்க வேண்டாம். பாலில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிற்றுண்டிச்சாலைப் பால்

கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை. பத்து வயதில், பள்ளி இடைவேளையில் சிமெண்டுத் தரையில் வழுக்கி விழுந்தாள். முன்பல் ஒன்று தெறித்துக் கால்வாய் ஓரம் போய் விழுந்தது. மாணவர்கள் அலற, ஓடி வந்த ஆசிரியை பல்லைத் தேடி எடுத்தார். பிள்ளை வாயைத் திறக்க மறுத்தாள். ஆசிரியை நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் போய் ஒரு பெட்டிப் பாலை வாங்கி, குவளையில் ஊற்றி அதில் பல்லைப் போட்டார். தாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தம் காரிலேயே பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கொண்டு சென்றார். விழுந்த நாற்பது நிமிடத்தில் பல் மறுபடியும் குழிக்குள் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினான்கு வயது. வேர்ச் சிகிச்சை செய்த பல்தான். மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்து வருகிறார். என்றென்றும் நிற்கும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் வளரும் வயதில் பல் இடத்தில் இருப்பதால் தாடை எலும்பு சுருங்காமல் இருக்கிறது. அவளும் படத்துக்கு வாய் திறந்து சிரிக்கிறாள். அந்த ஆசிரியைக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. பல்லைப் பாலில் போட வேண்டும் என்ற ஒரே ஒரு செய்தி தெரிந்திருந்தது.

பால்பல் வேரோடு விழுந்தால்

இங்கே முறை நேர்மாறு. பால்பல்லைத் திரும்பக் குழிக்குள் வைக்கவே கூடாது. அதற்கு மேலே எலும்புக்குள் நிலைப்பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும். நாம் அழுத்தும்போது அந்த மொட்டு நசுங்கிப் பிற்பாடு வரும் பல் நிறம் மாறியோ, கோணலாகவோ வரக்கூடும். சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி இரத்தத்தை நிறுத்துங்கள். பல்லையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். முழுப் பல்லும் வந்துவிட்டதா, துண்டு உள்ளே நிற்கிறதா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

எந்தப் பல் என்று ஐயமாக இருந்தால் திரும்ப வைக்க முயலாமல் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. கூரைமேல் எறியும் சடங்கு, தானாக ஆடி விழுந்த பல்லுக்கு மட்டும் இருக்கட்டும்.

பல் உடைந்தால், ஆடினால், உள்ளே போனால்

பல்லின் ஓரம் சில்லாக உடைந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டு போங்கள். பல சமயம் மருத்துவர் அதே துண்டைப் பசை கொண்டு ஒட்டிவிடுவார். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் பல்லின் உயிர்க்கூழ் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே காட்ட வேண்டும். வலியில்லை என்று தள்ளிப்போட்டால் கிருமி உள்ளே புகுந்து பல் இறந்துவிடும்.

துண்டு கிடைக்கவில்லை, பிள்ளை இருமுகிறது, மூச்சு இரைக்கிறது என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உதடு கிழிந்திருந்தால், துண்டு உதட்டுக்குள்ளேயே புதைந்திருப்பதும் உண்டு. தையல் போடுமுன் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நடை பழகும் குழந்தை மேசை விளிம்பில் மோதி விழும்போது முன்பால்பல் ஈறுக்குள் குத்திக்கொண்டு போய்விடும். பல்லே காணோம் என்று தாய் பதறுவாள். அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். மருத்துவர் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் காத்திருக்கவே சொல்வார். சில மாதங்களில் அது தானே இறங்கி வருவதுண்டு. அடிபட்ட பால்பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாவதும் உண்டு. நிறம் மாறியதாலேயே பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஈறில் கொப்புளமோ சீழோ கண்டால் உடனே காட்ட வேண்டும்.

இடம் மாறிய பல் பிள்ளையை வாய் மூடவிடாமல் தடுத்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அடிபட்ட பிறகு மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் பொருந்தவில்லையென்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தலையில் அடிபட்டு நினைவு தப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ பல்லைப் பற்றி அப்புறம் பார்ப்போம். முதலில் மருத்துவமனை. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

உதடும் நாக்கும்

வாய்க்குள் இரத்த ஓட்டம் அதிகம். சிறு காயமும் பெரிதாகத் தெரியும். எச்சிலோடு கலந்து ஒரு குவளை இரத்தம் போனதுபோல் இருக்கும். பயப்படாமல் சுத்தமான துணியை மடித்து, காயத்தின்மேல் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. வெளியே துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றினால் வீக்கம் குறையும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் வாயைப் பிளந்தாற்போல் இருந்தாலோ, உதட்டின் வெளி ஓரம் கிழிந்திருந்தாலோ தையல் தேவைப்படும்.

பல் பிடுங்கிய பின் இரத்தம் கசிந்தால், மடித்த துணியை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். அன்று வாய் கொப்பளிக்கக் கூடாது. உறைந்த இரத்தம் பெயர்ந்து மறுபடியும் ஒழுகும். மரத்துப்போகும் ஊசி போட்ட பிள்ளைகள், மரத்த உதட்டை மிட்டாய்போல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. மரப்பு தெளியும் வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுச்சாமப் பல்வலி

பகலெல்லாம் விளையாடிய பிள்ளை, இரவு பதினொரு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும். அந்த நேரத்தில் பல் மருத்துவருக்கு எங்கே போவது?

முதலில் விளக்கைப் பிடித்து வாயைப் பாருங்கள். பல்லிடுக்கில் இறைச்சி நாரோ, சோளத்தோலோ சிக்கியிருந்தால் பல் நூலால் மெதுவாக எடுங்கள். ஊசி, பின், தீக்குச்சி வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமோல் கொடுக்கலாம். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பானக மருந்துகளில் அடர்த்தி வேறுபடும் என்பதால் புட்டியின் சீட்டைப் படித்துவிட்டே ஊற்றுங்கள்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அபூர்வமான, ஆனால் கொடிய நோய் ஒன்று அதனால் வரக்கூடும். டிங்கிக் காய்ச்சல் உலவும் நம் நாடுகளில் அது இரத்தப்போக்கையும் உண்டாக்கும். அந்த மாத்திரையைப் பொடித்துச் சொத்தைப் பல்லில் வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்குமே தவிர வலியைத் தீர்க்காது. மண்ணெண்ணெய், புகையிலை, தைலம், சுண்ணாம்பு எதுவுமே குழந்தை வாய்க்குள் போகக் கூடாது. கிராம்புத் தைலமும் பெரியவர்களுக்கு ஒரு சொட்டு. சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். பல் முளைக்கும் கைக்குழந்தையின் ஈறில் தடவும் மரக்கச் செய்யும் களிம்புகளும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்தானவை. குளிர்ந்த, சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். அதுவே போதும்.

வலி நின்றுவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பதுதான் பெரும் பிழை. சொத்தைப் பல் சிலவேளை நரம்பு செத்துப்போனதால் வலிக்காமல் இருக்கும். கிருமி அப்போதுதான் அடியில் சீழ் வைக்கத் தொடங்கும். விடிந்ததும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கன்னம் வீங்கினால் காத்திருக்காதீர்கள்

பல்லடியில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கினால் அது சாதாரண வீக்கமல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல், வீக்கம் கண் வரை ஏறிக் கண் மூடிக்கொள்வது, தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்குவது, வாய் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் ஒழுகுவது, மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவும் சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும். பற்று, சூடான ஒத்தடம், மிச்சமிருந்த பழைய மாத்திரை என்று வீட்டில் வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள்.

வருமுன் காத்தல்

நம் வீடுகளில் சொத்தைக்கு வழி திறப்பது பெரும்பாலும் பால் புட்டி. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள், ஆயாக் கொட்டகையில் விட்ட குழந்தைக்கு இனிப்பு டின் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். வேறு வழியில்லாத காலம் அது. இன்று தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும், இனிப்புப் பால், மைலோ, சிரப் நீர் ஆகியவற்றைப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தபடியே தூங்க வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. தூக்கத்தில் எச்சில் குறையும். இனிப்பு இரவெல்லாம் பல்லில் தேங்கும். மேல் முன்பற்கள் முதலில் வெள்ளைக் கோடாகவும், பிறகு பழுப்பாகவும் மாறி, இரண்டு மூன்று வயதில் வேர் மட்டத்துக்கு உதிர்ந்துவிடும். தூங்கும்போது புட்டி வேண்டுமென்றால் வெறும் தண்ணீர் கொடுங்கள். ஒரு வயது கடந்ததும் குவளைக்குப் பழக்குங்கள்.

முதல் பல் முளைத்த நாளிலிருந்தே துலக்குங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்குமுன் ஒருமுறை. மூன்று வயது வரை அரிசி மணி அளவு பற்பசை, அதன் பிறகு ஆறு வயது வரை பட்டாணி அளவு. ஃப்ளோரைடு கலந்த பற்பசையாக, குறைந்தது 1000 பி.பி.எம். அளவுள்ளதாக இருக்கட்டும். துப்பினால் போதும், மீண்டும் மீண்டும் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டாம். ஏழு, எட்டு வயது வரை பிள்ளையிடம் பிரஷ்ஷைக் கொடுத்தாலும் கடைசியில் ஒருமுறை நீங்களே துலக்கி விடுங்கள். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர் காலத்தில் நன்மை செய்தவைதாம். ஆனால் இனிப்பு இவ்வளவு மலிந்த காலமல்ல அது. உமிக்கரியும் செங்கல் பொடியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

குழாய்த் தண்ணீரில் சிறிதளவு ஃப்ளோரைடு சேர்ப்பதைச் சிங்கப்பூர் 1950களிலேயே தொடங்கியது. மலேசியாவில் 1972இல் அரசாங்கம் முடிவெடுத்துப் பெரும்பாலான மாநிலங்களில் சேர்த்து வருகிறது. கிணற்று நீரும் மழைநீரும் குடிக்கும் உட்புறத் தோட்டங்களுக்கு அந்த நன்மை எட்டுவதில்லை. அங்கே பற்பசையில் இன்னும் அதிக அக்கறை வேண்டும்.

பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவைக் கண்டு ஓடி ஒளிந்த நாள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1949ஆம் ஆண்டு நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்றவர்கள்தாம் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் பல்லைக் காத்து வந்தவர்கள். அவர்கள் கொடுக்கும் இசைவுக் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் மூடி மருந்து பூசினால் சொத்தை வருவது வெகுவாகக் குறையும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை "கிளினிக் பெர்கிகியான்" என்று பலகை போட்ட அரசாங்கப் பல் மருந்தகத்துக்குக் குழந்தையைக் கொண்டு போங்கள். வலி வந்த பிறகு முதல்முறை போகும் பிள்ளைக்குத்தான் பயம் நெஞ்சில் நிற்கும். "சேட்டை பண்ணினா பல்லைப் பிடுங்கிடுவாரு" என்று மருத்துவரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்.

விழுந்து அடிபடுவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் குறைக்கலாம். நடை பழகும் வயதிலும், எட்டிலிருந்து பத்து வயதிலும் முன்பல் அடிபடுவது அதிகம். குளியலறையில் வழுக்காத விரிப்புப் போடுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டியில் கைக்குழந்தையை உட்கார வைக்காதீர்கள். காரில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும்; மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அது சட்டமாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் பக்கத்துக் கடைக்குத்தானே என்று பிள்ளையைத் தலைக்கவசமில்லாமல் ஏற்றாதீர்கள். ஹாக்கி, ரக்பி, தேக்குவாண்டோ, சிலம்பம் பழகும் பிள்ளைகளுக்குப் பல் காப்பு உறை வாங்கிக் கொடுங்கள். முன்பல் துருத்திய பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம். அதைக் காலத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லால் புட்டி மூடியைத் திறக்கும் வீரமும், ஐஸ் கட்டியைக் கடிக்கும் விளையாட்டும் வேண்டாம்.

வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டி வையுங்கள்

நிலைப்பல் விழுந்ததா? வெள்ளைப் பகுதியைப் பிடி. தேய்க்காதே. குழியில் வை, அல்லது பாலில் போடு. உடனே மருத்துவரிடம் ஓடு.

பால்பல் விழுந்ததா? திரும்ப வைக்காதே.

உடைந்ததா? துண்டைத் தேடு.

இரத்தமா? பத்து நிமிடம் விடாமல் அழுத்து.

கன்னம் வீங்கிக் காய்ச்சலா? மருத்துவமனை.

பக்கத்திலேயே உங்கள் ஊர் பல் மருந்தகத்தின் தொலைபேசி எண்ணையும், அது திறந்திருக்கும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பிள்ளை அழும்போது எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சென்ற தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "பல் விழுந்தால் பாலில் போடவும்" என்று அவன் கையெழுத்து. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு. "என்னடா இது?" என்றேன். "நம்ம பாட்டிக்குத் தெரியல, அக்கா. இதுகளோட பாட்டிக்குத் தெரியணும்ல" என்றான், வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்துச் சிரித்தபடி.